30 லட்சம் பவுண்டுக்கு விற்ற பாஸ்டல் ஓவியம்... வரைந்தவர் குடும்பத்துக்கு எவ்வளவு?

2023 அக்டோபரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில், பவுலா ரீகோ 1995-ல் வரைந்த நெருப்புக்கோழி ஓவியம் ஒன்று 30 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது. வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேஸியா' படத்தில் நெருப்புக்கோழிகள் பாலே ஆடுமே, அதை வைத்து வரைந்தது. ஆனால் ரீகோவின் ஓவியத்தில் பறவையே கிடையாது. கறுப்பு பாலே உடையில், இளமை தாண்டிய, உறுதியான உடம்புள்ள பெண்கள்தான். எல்லாமே பாஸ்டல்.

லிஸ்பனில் பிறந்து, லண்டனில் படித்து, அங்கேயே வாழ்ந்து 2022-ல் மறைந்தவர் ரீகோ. கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கும் முயற்சி 1998-ல் போர்ச்சுகல் வாக்கெடுப்பில் தோற்றபோது, அந்தக் கோபத்தை அவர் கொட்டியதும் பாஸ்டலில்தான்.

பாஸ்டல்னா என்ன?

ஸ்கூலில் தேய்த்த ஆயில் பாஸ்டல் இல்லை இது. வண்ணப் பொடியில் கொஞ்சமே கொஞ்சம் பிசின் சேர்த்து உருட்டிய குச்சி. காகிதத்தின் சொரசொரப்பில் அந்தப் பொடி சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். பெயின்ட் மாதிரி காய்ந்து இறுகாது. விரல் பட்டால் போச்சு. மேலே ஸ்ப்ரே அடித்து நிறுத்தலாம், ஆனால் நிறம் மங்கக்கூடும். அதனால் கண்ணாடி போட்டு, ஓவியத்தில் படாமல் இடைவெளி விட்டு மாட்டுவார்கள். சாதாரண அக்ரிலிக் ஷீட் போட்டால் அதிலுள்ள மின்னேற்றம் பொடியையே இழுத்துக்கொள்ளும்!

சரி, பணம் யாருக்கு?

படத்தை விற்றவருக்கு. ஏல நிறுவனத்துக்கு வாங்குபவர் தனியாகக் கமிஷன் தர வேண்டும். பெரிய ஏலங்களில் இது 20 சதவீதத்தைத் தாண்டுவது சகஜம். வரைந்தவருக்கு?

பிரிட்டனில் 2006 முதல் மறுவிற்பனை உரிமைச் சட்டம் இருக்கிறது. ஓவியம் ஏலத்திலோ கேலரி மூலமோ கைமாறும் ஒவ்வொரு முறையும் கலைஞருக்கு ஒரு பங்கு. 2012 முதல் மறைந்த கலைஞர்களின் வாரிசுகளுக்கும் உண்டு, 70 ஆண்டுகள் வரை. முதல் 50,000-க்கு 4 சதவீதம். விலை ஏற ஏற விகிதம் குறைந்து, 5 லட்சத்துக்கு மேல் வெறும் 0.25 சதவீதம் ஆகிவிடும். அதற்கும் மேலே ஒரு பூட்டு: எத்தனை கோடிக்குப் போனாலும் ஒரு விற்பனைக்கு 12,500-தான். 2023-ல் இது யூரோ, இப்போது பவுண்டு.

30 லட்சம் எங்கே, 12,500 எங்கே? அரை சதவீதம்கூட இல்லை.

உரிமையை ஏற்றினால் விற்பனை நியூயார்க் பக்கம் ஓடிவிடும், அங்கே இப்படி ஒரு சட்டமே இல்லை என்பது வியாபாரிகளின் வாதம். முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஏல நிறுவனங்களின் கமிஷன் ஏறியபோது லண்டன் சந்தை மூட்டை கட்டிவிடவில்லையே? கலைஞரின் பங்கு என்றதும் மட்டும் ஏன் இந்தப் பயம்?

சிறிய விற்பனைகளுக்கு இந்தச் சட்டம் ஓரளவு நியாயமாகவே இருக்கிறது. 2,000 பவுண்டுக்கு ஒரு பாஸ்டல் விற்றால் கலைஞருக்கு 80 பவுண்டு. நல்ல பாஸ்டல் குச்சிகளும் காகிதமும் வாங்கலாம். விகிதம் சரிவதையாவது விட்டுவிடலாம், அந்த 12,500 பூட்டை மட்டும் முதலில் கழற்ற வேண்டும்.