புரட்டக் கற்றுக்கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

பக்கவாதம் வந்தவரையோ இடுப்பெலும்பு முறிந்தவரையோ ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு கொடுப்பார்கள். என்னென்ன மாத்திரை, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, மறுபடி எப்போது வர வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். எழுந்து உட்கார முடியாத அந்த மனிதரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று மட்டும் ஒரு வரி இருக்காது. அடுத்த மூன்று மாதம் அவர் எப்படி இருப்பார் என்பதை அதில் உள்ள பல மாத்திரைகளைவிட அந்த இல்லாத வரிதான் முடிவு செய்யும் என்பது என் கட்சி.

நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்வருகிறேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பல வீடுகளில் தெரிந்துவிடும். புண்ணுக்கென்று ஒரு வாடை உண்டு. ஊதுபத்தி கொளுத்தினாலும் அது போகாது. "முதுகுல லேசா கறுத்திருக்கு சிஸ்டர், மஞ்சளும் எண்ணெயும் போட்டிருக்கேன்" என்பார் மருமகள். விலக்கிப் பார்த்தால் வால் எலும்புக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. அவர் பொய் சொல்லவில்லை. தொடங்கியபோது அது லேசான கறுப்பாகத்தான் இருந்திருக்கும்.

அந்தக் கறுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி தோல் சிவப்பது என்றுதான் புத்தகங்களில் படித்தோம். விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பவும் சிவந்தால் பயமில்லை, வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்பது பாடம். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய பாடம் அது. நம் ஊர் உடம்பில் சிவப்பையும் வெளுப்பையும் தேடிக்கொண்டிருந்தால் புண் உடைந்த பிறகுதான் தெரியும். பக்கத்துத் தோலைவிட அந்த இடம் அதிகமாகக் கறுத்திருக்கிறதா, ஊதா ஓடியிருக்கிறதா, புறங்கையை வைத்தால் சூடாக இருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

படுக்கைப்புண் நோயால் வருவதா, கவனிப்பில் உள்ள குறையால் வருவதா என்ற சண்டை பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் பெரிய நரம்பியல் மருத்துவர் ஷார்க்கோ, நரம்பு பாதிக்கப்பட்டாலே அந்தப் புண் வந்துதான் தீரும், அது சாவின் முன்னறிவிப்பு என்றார். மருத்துவர்கள் கைகழுவ அது வசதியாகப் போயிற்று. இங்கிலாந்தில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அதற்கு முன்பே நேரெதிராக, அது பெரும்பாலும் செவிலியத்தின் குறைதான் என்று எழுதியிருந்தார். அப்படி எழுதியதில் ஒரு துணிச்சல் உண்டு. பழி முழுவதும் செவிலியர் தலையில் விழ வழி செய்ததும் அந்த எழுத்துதான்.

சண்டையை அளந்து பார்த்துத் தீர்க்க முயன்றவர் ஒரு செவிலியர். டோரீன் நார்ட்டன், மெக்லாரன் என்ற இன்னொரு செவிலியரோடும் எக்ஸ்டன் ஸ்மித் என்ற முதியோர் மருத்துவரோடும் சேர்ந்து வயதான நோயாளிகளிடம் செய்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. அதுவரை வார்டுக்கு வார்டு ஒரு கைவைத்தியம் நடந்தது. ஸ்பிரிட், சோப்பு, எண்ணெய், களிம்பு என்று எதையாவது முதுகில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நார்ட்டன் கண்டது, எதைத் தேய்க்கிறோம் என்பதில் ஒன்றுமில்லை. அடிக்கடி நிலை மாற்றிப் படுக்க வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசையும் திறன், கழிவுகளை அடக்கும் கட்டுப்பாடு என்று ஐந்தைப் பார்த்து 20க்கு மதிப்பெண் போடும் அளவுகோலையும் அவர் தந்தார். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரக்கூடியவர். இரத்தப் பரிசோதனை வேண்டாம், இயந்திரம் வேண்டாம். பக்கத்தில் நின்று பார்க்கக் கண் இருந்தால் போதும். 1980களில் அமெரிக்காவில் பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் இன்னும் விரிவான அளவுகோலை உருவாக்கினார்கள். இருவருமே செவிலியர்கள்.

ஆனால் ஸ்பிரிட்டும் பவுடரும் நம் வார்டுகளை விட்டு லேசில் போகவில்லை. முதுகைத் தேய்த்துவிடுவது எங்கள் பயிற்சிக் காலத்தில் 'பேக் கேர்' என்ற பெயரில் மதிப்பெண்ணுக்குரிய பாடம். இன்றும் வீடுகளில் கறுத்த இடத்தை அழுத்தித் தேய்க்கிறார்கள். அடியில் ஏற்கெனவே நைந்துபோன சதையை இன்னும் நைப்பதுதான் அது.

இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். யார் புரட்டுவது? இரவு பத்துக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு, நான்குக்கு எழுந்து புரட்டிவிட்டுக் காலையில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். இந்தக் கேள்வியை மதித்து நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அதே பெர்க்ஸ்ட்ராம் தலைமையில் அமெரிக்க, கனடா முதியோர் இல்லங்களில் 942 பேரிடம் செய்து 2013இல் வெளியிட்டார்கள். அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருப்பவர்களை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டினாலும், மூன்று அல்லது நான்கு மணிக்கு ஒருமுறை புரட்டினாலும் புண் வருவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது, ஒரு நல்ல மெத்தை படுத்திருப்பவரின் முதுகோடு பக்கத்தில் பாயில் படுத்திருப்பவரின் தூக்கத்தையும் காப்பாற்றக்கூடும்.

அந்த முடிவை அப்படியே எடுத்து வந்து மேலூரில் வைக்க முடியாது. இங்கே இருப்பது உட்கார்ந்து உட்கார்ந்து தட்டையாகிப்போன இலவம்பஞ்சு மெத்தை, அல்லது நடுவில் தொய்ந்த கயிற்றுக் கட்டில். மோட்டார் வைத்த ஏர் பெட் வாங்கும் வீடுகளும் உண்டு. வாங்கியதும் இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் காற்றடைத்த ரப்பர் வளையத்தை இடுப்புக்கு அடியில் கொடுக்கிறார்கள். வளையத்தின் விளிம்பு சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை அழுத்தி நிறுத்துவதால் அதை வேண்டாம் என்று வழிகாட்டு நெறிகள் எப்போதோ சொல்லிவிட்டன. மருந்துக் கடையில் இன்னும் தொங்குகிறது.

நம் மெத்தையில், நம் வெயிலில், நம் வியர்வையில் எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டினால் போதும்? இதற்குப் பதில் தேட வேண்டியவர்கள் நம் செவிலியர் கல்லூரிகள். ஆண்டுதோறும் முதுநிலை மாணவிகள் படுக்கைப்புண் பற்றி ஆய்வேடு எழுதத்தான் செய்கிறார்கள். பெரும்பாலும் ஒரே அச்சு: சில பத்துப் பேருக்கு வினாத்தாள், பிறகு ஒரு வகுப்பு, மறுபடி அதே வினாத்தாள். வகுப்புக்குப் பின் மதிப்பெண் கூடியது, எனவே வகுப்பு பயனுள்ளது. கூடாமல் எப்படி இருக்கும்? புண் குறைந்ததா என்று யாரும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை. காலிகோ பைண்டிங்கில் அலமாரி நிறைய இருக்கும் அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கை வீடு வீடாகப் போய்ப் புண்ணை எண்ணுவதில் செலவிட்டிருந்தால், மற்ற மாநிலங்கள் நம்மைப் பார்த்துக் கற்றிருக்கும்.

நான் கேட்பது சின்னது. படுக்கையில் இருக்கும் எவரையும், அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் ஒரு செவிலியர் முன்னால் தன் கையால் புரட்டிக் காட்டாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வகுப்பும் வேண்டாம், துண்டுப் பிரசுரமும் வேண்டாம், கையால் செய்து காட்டட்டும். பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரிக்க வேண்டும். நகர்த்தும்போது கக்கத்தில் கைகொடுத்து இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் மெத்தையோடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகர்கிறது; நடுவில் உள்ள சதை அறுபடுகிறது. ஆளுக்கொரு பக்கம் சேலையைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். ஒருக்களித்துப் போடும்போது முழுக்கச் சாய்த்தால் இடுப்பெலும்பு அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்தினால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை, குதிகால் எதிலும் படாமல் நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் யாரும் பழகிவிடலாம், மகனும்கூட. மகன்களைத் தனியாகச் சொல்கிறேன். மாமனாரைத் துடைத்துவிடக் கூசும் மருமகளும், மருமகள் முன்னால் கூசிக் கிடக்கும் மாமனாரும் இருக்கும் வீட்டில், மகன் திண்ணையில் உட்கார்ந்து போன் பார்ப்பதை நான் கண்டுகொண்டுதான் இருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றியும் அந்த ஒரு மணி நேரத்தில் பேச வேண்டும். அடிக்கடி துணி மாற்ற வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரையும் சோற்றையும் குறைக்கும் வீடுகள் நிறைய. பல சமயம் படுத்திருப்பவரே குறைத்துக்கொள்கிறார்: "அவளுக்கு ஏன் சிரமம்?" முட்டையும் பருப்பும் இல்லாமல் புண் ஆறாது. டயபரிலும் இதே சிக்கனம்தான். ஒன்று 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு இரண்டு வீதம் மாதம் 2,400 ரூபாய். அரசு தரும் முதியோர் உதவித்தொகை 1,200. அதனால் ஒரே டயபர் காலையிலிருந்து இரவு வரை நனைந்து கிடக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லிக் கொடுக்கச் செவிலியருக்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இரவில் ஒரு வார்டு முழுவதையும் ஒருவரோ இருவரோ பார்ப்பதை, உறவினருக்குத் துணையாகத் தங்கிய எவரும் கண்டிருப்பார்கள். தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்து வேலையை ஓட்டிக்கொண்டு, கூடவே இந்த ஒரு மணி நேரத்தையும் ஏற்றிவைத்தால் அது இன்னொரு பதிவேட்டுக் கையெழுத்தாக முடியும். நிரந்தரச் செவிலியர் இடங்களைக் கூட்டாமல் நான் கேட்பது நடக்காது.

வீட்டுக்குப் போன பிறகு பார்க்கத் தமிழ்நாட்டில் ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வலி நிவாரணச் சிகிச்சையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் வலி நிவாரணச் செவிலியர் ஒன்றியத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் ஒரு வீட்டுக்கு எத்தனை முறை வர முடியும்? கேரளம் 2008இலேயே வலி நிவாரணச் சிகிச்சைக்கென மாநிலக் கொள்கை வகுத்து உள்ளாட்சிகளிடம் பொறுப்பைக் கொடுத்தது. அங்கே பஞ்சாயத்துதான் செவிலியரை அனுப்புகிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021இல் வெளியிட்ட கணிப்பின்படி, தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் அந்த ஆண்டில் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள். ஒன்றியத்துக்கு ஒருவர் என்பது இப்போதே போதவில்லை.

எல்லாப் புண்ணையும் தடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ், குதிரையிலிருந்து விழுந்து செயலிழந்தபின் தேர்ந்த கவனிப்பில் இருந்தவர். 2004இல் அவர் இறப்பதற்குமுன் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தது கிருமி தொற்றிய ஓர் அழுத்தப் புண்ணுக்காக. கடைசி நாட்களில் உடம்பு ஓயும்போது எவ்வளவு பார்த்தாலும் தோல் விட்டுவிடுவதும் உண்டு. அதனால்தான் புண்களை எண்ண வேண்டும் என்கிறேனே தவிர, தண்டிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 2008 அக்டோபர் முதல், ஆஸ்பத்திரியில் வந்த ஆழமான படுக்கைப்புண்ணுக்கு மெடிகேர் காப்பீடு கூடுதல் பணம் தருவதில்லை. நிறுவனத்துக்கு அது சரி. வீட்டில் பழி தேடினால் புண்ணைப் போர்வைக்குள் மறைப்பார்கள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் "மருமக சரியாப் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போவதற்குப் பயந்து இப்போதே மறைக்கிறார்கள்.

வீடு தேடிப் போகும் செவிலியரின் பதிவேட்டில் சில கட்டங்களைச் சேர்க்கட்டும். புண் இருக்கிறதா, எந்த இடத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே இருந்ததா, என்ன மெத்தை, இரவில் புரட்டுவது யார், அவருக்கு என்ன வயது. மூட்டுவலியோடு கணவரைப் புரட்டும் அறுபத்தெட்டு வயது மனைவிகள் எத்தனை பேர் என்பது அந்தக் கடைசிக் கட்டத்தில் தெரிந்துவிடும். ஒரு மாவட்டத்தில் ஆறு மாதம் இதைச் சேர்த்தாலே, நுரை மெத்தைகளை எந்த ஒன்றியத்துக்கு முதலில் அனுப்புவது, இரண்டாவது செவிலியர் எங்கே வேண்டும் என்பதை மாவட்டச் சுகாதார அலுவலர் முடிவு செய்துவிடலாம்.