இதயத்தை அளக்கும் எண்

இலக்கியம் இதயத்தை அன்பின் இருப்பிடமாகப் பாடிற்று; மருத்துவ அறிவியலோ அதன் குருதியோட்டத்தை எண்ணால் அளக்க முற்பட்டுள்ளது. அந்த எண்ணின் பொருளை உணரும் கடமை மருத்துவர்க்கு மட்டுமன்று, நமக்கும் உண்டு என்பதே என் கருத்து.

அணுமருத்துவ இதயப் படமெடுப்பில், டெக்னீசியம்-99எம் சேர்ந்த மருந்து சிறிதளவு சிரைவழியே செலுத்தப்படுகிறது. டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். குருதி பாயும் தசையில் அம்மருந்து தங்க, வெளிப்படும் காமாக் கதிர்களைக் கருவி பதிவு செய்கிறது. 'ஸ்பெக்ட்' எனப்படும் இம்முறையில், மிகுதியாக ஒளிரும் பகுதியை 100 விழுக்காடாகக் கொண்டு பிற பகுதிகளை ஒப்பிடுவர்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஒப்பீடு வேறு, அளவு வேறு. கண்மாயின் மூன்று மடைகளிலும் நீர் ஒன்றுபோலக் குறைந்தால், மூன்று வயல்களும் ஒன்றுபோலவே வாடும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவார்க்குக் குறை புலப்படாது. அவ்வாறே, மூன்று பெருந்தமனிகளும் ஒருசேரச் சுருங்கிய நோயாளியின் படம் சில வேளைகளில் பழுதற்றது போலத் தோன்றிவிடும். மிகுந்த கேடுடைய நோயே மறைந்துகொள்ளும் விந்தை இது!

இக்குறையைப் பெரிதும் போக்குவது 'பெட்' முறை அளவீடு. ஏறத்தாழ 76 விநாடி அரை ஆயுளுடைய ருபீடியம்-82, சுமார் 10 நிமிட அரை ஆயுளுடைய நைட்ரஜன்-13 ஆகியவற்றின் துணையால், 1 கிராம் இதயத்தசைக்கு 1 நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் குருதி செல்கிறது என்று கணிக்க இயலும். மருந்தால் தூண்டப்பட்ட ஓட்டத்தை ஓய்வுநிலை ஓட்டத்தால் வகுத்தால் கிடைப்பது 'ஓட்ட இருப்பு'. அது 2க்குக் கீழிறங்கின் மருத்துவர் விழிப்படைவர். வசதியுள்ள இடங்களில் இவ்வளவீட்டுக்கு முதலிடம் தருதல் வேண்டும்.

எனினும் எண்ணே முடிவன்று. பெருந்தமனி அடைப்பாலும் அது குறையும். நுண்குழல்களின் கோளாறாலும் குறையும். சோதனைக்கு முன் அருந்திய காப்பிகூட, ஓட்டத்தைத் தூண்டும் அடினோசின் மருந்தைத் தடுத்து அளவைப் பிறழச் செய்யும். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராயுமாறு வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் பணித்தது ஈண்டு எண்ணத்தக்கது.

ஆகவே, நெஞ்சுவலி தொடருமாயின், "படம் நன்றாக உள்ளது" என்ற சொல்லோடு அமைந்துவிடாமல், "எதனோடு ஒப்பிட்டு நன்று?" எனப் பணிவோடு வினவுவோம். அதற்கான விடையை எளியோர்க்கும் விளங்கும் தமிழில் சொல்லக் கலைச்சொற்களை ஆக்கித் தருவது தமிழ் பயில்வோரின் கடமையாகும்.