காய்ச்சலில் இறந்த போலீஸ்காரருக்கு யார் சாட்சி?

2020 நவம்பர் 29, கார்த்திகை தீபம். மலை உச்சியில் தீபம் எரிந்தது. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் நடக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. திருவண்ணாமலையில் தடுப்புகளுக்குப் பக்கத்தில் நின்றது போலீஸ்தான். “ஒரே ஒரு சுத்து, விடுங்க சார்”னு கெஞ்சுபவரிடம் ஆறடி தள்ளி நின்றா பேச முடியும்?

அந்த ஜூன் 17-ல்தான் சென்னை மாம்பலம் இன்ஸ்பெக்டர் பாலமுரளி கொரோனாவால் இறந்திருந்தார். தமிழகக் காவல்துறையின் முதல் கொரோனா பலி அவர்.

பணம் அறிவிக்கப்படாமல் இல்லை. மத்திய அரசின் 50 லட்சம் ரூபாய் காப்பீடு சுகாதாரப் பணியாளர்களுக்கு மட்டும்தான் இருந்தது. தமிழக அரசு ஏப்ரலிலேயே போலீஸாரையும் சேர்த்து 50 லட்சம், வாரிசுக்கு வேலை என்றது. சரி, சிக்கல் எங்கே?

குண்டுக்கு இடமும் நேரமும் உண்டு. காய்ச்சலுக்குக் கிடையாது. அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளே, 1959-ல் லடாக்கில் சீனப் படையினரால் கொல்லப்பட்ட 10 போலீஸாரின் நினைவாக வந்தது. நம் மனசில் ‘வீரமரணம்’னா அந்தக் காட்சிதான். காய்ச்சலில் போனவருக்கு நாங்களே ஒரு வரிச் செய்தியோடு முடித்துவிடுகிறோம். ‘தொற்று பணியிலா, வீட்டிலா?’ என்று கேட்டால் ஒரு மனைவி எதைக் காட்டுவார்?

என் கருத்து இதுதான்: டூட்டி பதிவேட்டில் பெயர் இருந்தால், அது பணியில் வந்த நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது அரசின் வேலை. இந்த விதியை அடுத்த ஊரடங்கு அறிவித்த பிறகு அவசரமா எழுதக் கூடாது, இப்பவே எழுதணும்.