லாபம் இருக்கு, கையில காசு இல்லையா? 'கேஷ் சர்ப்ளஸ்'னா என்ன? ஜேடர்பாளையம் வெல்லக் கணக்கில் ஒரு விளக்கம்

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் பகுதிகளில் காவிரிப் பாசனக் கரும்பை நம்பி நிறைய வெல்ல ஆலைகள் ஓடுகின்றன. பொங்கல் நேரத்தில் விற்பனை சூடுபிடிக்கும், பணமும் புரளும். ஆனால் சீசன் முடிந்ததும் பலர் கேட்கும் கேள்வி: "நல்லாதானே வித்துச்சு, காசு எங்க போச்சு?"

இதற்கான பதில்தான் 'கேஷ் சர்ப்ளஸ்', அதாவது ரொக்க உபரி.

அப்படின்னா என்ன?

கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்து, அடுத்த சுற்றுச் செலவுக்கும் எடுத்து வைத்த பிறகு மிஞ்சும் பணம். லாபம் வேறு, இது வேறு.

ஒரு மாதிரிக் கணக்கு

- வெல்லம் விற்றது: ரூ.10 லட்சம். வியாபாரி தந்தது 7 லட்சம், பாக்கி 3 லட்சம்.
- மொத்தச் செலவு: ரூ.8 லட்சம். கூலி, வண்டி வாடகை, ஒரு பகுதி கரும்புக்குக் கொடுத்தது 5 லட்சம். கரும்பு விவசாயிக்குப் பாக்கி 3 லட்சம்.

கணக்குப்படி லாபம் 2 லட்சம். கல்லாவில் இருப்பதும் 2 லட்சம். அப்போ உபரி 2 லட்சமா? இல்லை. விவசாயி நாளைக்கே வந்து நின்றால் 1 லட்சம் குறையும். அந்த 2 லட்சத்தில் பைக் வாங்கிவிட்டால், கரும்புக்கு வட்டிக்குத்தான் வாங்க வேண்டும்.

ரிசர்வ் வங்கியும் இப்படித்தான்

2024-25 நிதியாண்டுக்கு ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்கு ரூ.2,68,590 கோடி உபரி கொடுத்தது. அது ரொக்க உபரி அல்ல, வருமான உபரி. ஆனால் முறை ஒன்றுதான்: ஆபத்துக்கால இருப்பை 6.5 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதமாக உயர்த்திய பிறகே மிச்சத்தைக் கொடுத்தது. இன்ஃபோசிஸ் போன்ற பெரிய நிறுவனங்கள், உபரி சேர்ந்தால் பங்குதாரர்களிடமிருந்து சொந்தப் பங்குகளையே திரும்ப வாங்குகின்றன. 2025-ல் அந்த நிறுவனம் அறிவித்த தொகை ரூ.18,000 கோடி.

பாக்கி வரலைன்னா?

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006-ம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் துணை நிற்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். தாமதித்தால் வட்டியும் கேட்கலாம்.

தெரியுமா?

போர்ச்சுகீசியத்தில் ரொக்க உபரியைக் குறிக்கும் சொல்லில் வரும் 'கைஷா'வுக்குப் பெட்டி என்று பொருள். ஆசியாவின் சில்லறை நாணயங்களை ஆங்கிலேயர் 'கேஷ்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல் நம்ம 'காசு'விலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனது.

சுருக்கமா சொன்னா

கல்லாவைப் பார்த்துச் செலவு பண்ணாதீங்க. பாக்கி, அடுத்த கரும்பு, கொப்பரை ரிப்பேர் மூன்றையும் கழிங்க. அதுக்கு மேல மிஞ்சுறதுதான் உங்க காசு.