குளச்சலுக்குப் பிறகு நடந்தது



ஆகஸ்ட் பிறந்தாலே நம் குமரி மாவட்டத்தில் குளச்சல் போர் பற்றிய பேச்சு எழும். 1741-ல் டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா மடக்கிய கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். சண்டை எதற்காக மூண்டது என்பதைத்தான் குறைவாகப் பேசுகிறோம். எல்லாம் நல்லமிளகுக்காக. மிளகு விளைகிற சிறு நாடுகளை அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். குறைந்த விலைக்கு வாங்கிப் பழகிய டச்சுக் கும்பினிக்குப் பொறுக்கவில்லை. இலங்கையிலிருந்து கப்பல்கள் வந்தன.

வென்ற பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயைக் கொண்டே தன் படையைப் பழக்கினார். புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்த்தார்கள். 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில், தோற்ற டச்சுக்காரர்களே ஆண்டுதோறும் ஆயுதம் தர ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு மிளகு. யாரைப் பகைப்பது, யாரிடம் துப்பாக்கி வாங்குவது என்பதையெல்லாம் அன்று தலைநகர் பத்மநாபபுரமே முடிவு செய்தது.

அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில் மைசூர் பயம் வடக்கிலிருந்து வந்தது. அங்கே நெடுங்கோட்டை என்ற அரண் எழுந்தது. 1789-ல் கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய இரண்டு கோட்டைகளையும் டச்சுக்காரர்களிடம் அவர் விலைக்கு வாங்கியது மைசூர் மன்னர் திப்புவின் கோபத்தைக் கிளறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் போர். ஆங்கிலக் கும்பினியின் துணையைத் தேடியதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை, வேறு வழி குறைவு. ஆனால் விலை ஏறிக்கொண்டே போனது. 1795-ல் கும்பினிப் படைக்குப் பணம் கட்ட ஒப்பந்தம். 1805-ல் அது ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அப்போது தளவாய், அதாவது முதலமைச்சர், நம் தலக்குளத்து வேலுத்தம்பி.

அதே வேலுத்தம்பி 1809-ல் கும்பினியை எதிர்த்து எழுந்தபோது, கும்பினிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாயை உடைத்துக்கொண்டு நாஞ்சில் நாட்டுக்குள் இறங்கியது. பீரங்கி வார்த்த உதயகிரி எதிர்ப்பே இல்லாமல் கைமாறியது. பிறகு திருவிதாங்கூர்ப் படையில் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டார்கள். பணம் மட்டும் தொடர்ந்து கட்ட வேண்டியிருந்தது.

2017-ல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை இலங்கை 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் கொடுத்த செய்தியைப் படித்தபோது வெளியார் துணைக்கு ஒரு நாடு கொடுக்கும் விலையைச் சொல்லும் இந்த வரலாறுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். குளச்சல் வெற்றித் தூணுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் நாளில் உதயகிரிக்கும் போங்கள். அங்கே டிலனாயின் கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுதியிருக்கிறது. அதை அவர்களே வாசிக்கட்டும். அந்த இடத்திலேயே 1809-ஐயும் சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்