போர்வைக்கு விலை வைப்போம், அதிர்ஷ்டத்துக்கு வேண்டாம்



கைத்தொழில் அறையில் மேசை மேல் விரித்து வைத்திருக்கும் போர்வையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவங்க இன்றைக்கே போய்ப் பாருங்கள். (கையைக் கழுவிவிட்டுத் தொடவும்!) மேலே தெரியும் கலர் கலர் சதுரமெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் டெய்லர் கடைகளில் கேட்டு வாங்கின வெட்டுத்துணி. உள்ளே சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி ஆறு அடுக்கு. அடியில் என் அப்பத்தாவின் பழைய சுங்குடிச் சேலை. பதினோரு பேர் ஒன்பது சனிக்கிழமை உட்கார்ந்து கையாலேயே ஓட்டுத் தையல் போட்டோம். என் ஆள்காட்டி விரலில் ஊசி குத்தாத இடமே இல்லை.

நூலக அறைக்கு மின்விசிறியும் அலமாரியும் வாங்க 9,000 ரூபாய் வேண்டும். அதற்காகப் போர்வையைக் குலுக்கலில் விடலாம் என்று முடிவானது. டிக்கெட் என்ன விலை என்பதில்தான் சண்டை. 10 ரூபாய் என்று ஒரு கட்சி. 50 ரூபாய் என்று ஒரு கட்சி. நடுவில் 20 என்று சமாதானக் கட்சி. நான் நாலாவது கட்சி. டிக்கெட்டே வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நம் பள்ளியில் ஏறக்குறைய 450 பேர் இருக்கிறோம். 50 ரூபாய் டிக்கெட் என்றால் 180 விற்றாலே 9,000 வந்துவிடும். ஆனால் வாங்குவது யார்? மில் ஷிப்டுக்கும் தறிக்கும் போகிற வீட்டுப் பிள்ளை 50 ரூபாய் கேட்டால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

சரி, 10 ரூபாய்? ஆளுக்கு ஒன்று வாங்கினால் 4,500தான் வரும். மீதிக்கு என்ன செய்ய? "எத்தனை வேணும்னாலும் வாங்கலாம்"னு சொல்லணும். அப்போ ஒரு டிக்கெட் வாங்கினவனை விடப் பத்து டிக்கெட் வாங்கினவனுக்குப் பத்து மடங்கு வாய்ப்பு. விலையைக் குறைத்தும் காசு இருக்கிறவன் பக்கம்தான் தராசு சாய்கிறது.

20 ரூபாய், ஆளுக்கு ஒன்றே ஒன்று என்றால் கணக்கு சரியாக 9,000. ஆனால் 450 பேரும் வாங்கியே ஆக வேண்டும். அப்புறம் என்ன நடக்கும்? வகுப்பு வகுப்பாக, "இன்னும் வாங்காதவங்க யாரு, எந்திரிங்க" என்று கேட்பார்கள். நான் ஆறாம் வகுப்பு வேறொரு பள்ளியில் படித்தேன். அங்கே ஏதோ ஒரு வசூலுக்காக இரண்டு நாள் அப்படி எழுந்து நின்றேன். தொகை 10 ரூபாய்தான். அந்த 10 ரூபாய் மறந்துவிட்டது. நின்றது மறக்கவில்லை.

இரண்டாவது, இது நமக்குப் புதிது இல்லை. 1968-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசே பரிசுச் சீட்டு கொண்டு வந்தது. சீட்டு ஒரு ரூபாய். விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று சொல்லி விற்றார்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலும் 1967-ல் லாட்டரித் துறை தொடங்கினார்கள். அங்கேயும் முதல் சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. ஒரு ரூபாய்தானே, அதுவும் நல்ல காரியத்துக்குத்தானே என்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. நம் மாநிலத்தில் 1975-ல் நிறுத்தினார்கள், மறுபடி கொண்டு வந்தார்கள். கடைசியில் 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிச் சீட்டு விற்பனைக்கும் தடை போட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி இருக்கிறது. உள்ளே ரப்பர் பேண்டு போட்ட கட்டுக் கட்டாகச் சீட்டு. தாத்தா தறிக்காரர். சனிக்கிழமை கூலி வாங்கினதும் முதல் வேலை சீட்டு வாங்குவதாம். "எப்பவாச்சும் விழுந்துச்சா?" என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "ஒரு தடவ அம்பது ரூவா விழுந்துச்சு. அதுக்கும் சீட்டே வாங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் உங்களுக்கும் குலுக்கல் ஆசை போய்விடும்.

ஒரு போர்வைக்கும் லாட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காசுக்குச் சீட்டு, குலுக்கல், ஒருத்தருக்குப் பரிசு. இதுக்குப் பேரு லாட்டரிதான். 1998-ம் ஆண்டு லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி அதை மாநில அரசுகள்தான் நடத்தலாம். மற்றவர்கள் குலுக்கலில் பணமோ பொருளோ தருவதாக அறிவிப்பதையே தண்டனைச் சட்டம் குற்றம் என்கிறது. முன்பு 294ஏ பிரிவு. 2024 ஜூலை முதல் வந்த புதிய சட்டத்தில் 297-வது பிரிவு. நல்ல காரியத்துக்காக நம் தலைமையாசிரியரைச் சிக்கலில் மாட்டிவிடலாமா?

குறை சொல்வது சுலபம், வழி சொல் என்பீர்கள். சொல்கிறேன்.

ஆண்டு விழாவில் போர்வையை ஏலம் விடுவோம். ஊர்ப் பொங்கலில் எலுமிச்சம்பழம் ஏலம் போவதைப் பார்த்ததில்லையா? ஆரம்ப விலையை நாமே நியாயமாக வைப்போம். பதினோரு பேர், ஒன்பது சனிக்கிழமை, இரண்டிரண்டு மணி நேரம். மொத்தம் 198 மணி நேரம். மணிக்கு வெறும் 20 ரூபாய் போட்டாலும் 3,960. நூல், ஊசி, பார்டர் துணிக்கு 540. ஆக 4,500 ரூபாய். பத்து ரூபாய் டிக்கெட் ஒட்டினால் பார்க்கிறவர்கள் பத்து ரூபாய்ச் சாமான் என்றுதான் நினைப்பார்கள். கைவேலைக்கு என்ன விலை என்று நாமும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி இருக்கும்.

மீதிக்கு ஒரு மூடின உண்டியல். இஷ்டப்பட்டவர்கள் இஷ்டப்பட்டதைப் போடட்டும். பெயர் எழுதக் கூடாது, யாரையும் எழுப்பக் கூடாது. டிசம்பர் 7 கொடி நாளுக்குக் காசு போடும்போது பரிசு என்ன என்று யாராவது கேட்கிறோமா? ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்க டிக்கெட்டா வாங்குகிறோம்? முடிந்தவரை இழுக்கிறோம், தேர் நகர்கிறது.

இதைச் சொன்னதும் என் பெஞ்சுத் தோழி கேட்டாள். "ஏலம்னா வசதியானவங்க வீட்டுக்குத்தான்டி போகும். குலுக்கல்னா எனக்கும் விழலாம்ல?" எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டது நியாயம்தான். ஆனால் ஏலத்தில் தோற்றவர் தன் காசோடு வீட்டுக்குப் போவார். குலுக்கலில் ஒருத்தருக்கு விழ, மற்ற எல்லோரும் காசை விட்டுவிட்டுப் போக வேண்டும். அதில் அவளும் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அவளுக்கு நான் வேறொரு பதில் வைத்திருக்கிறேன். வெட்டுத்துணி இன்னும் இரண்டு பை மீதி இருக்கிறது. போர்வை ஆசை இருக்கிற யாரும் சனிக்கிழமை பத்து மணிக்குக் கைத்தொழில் அறைக்கு வரலாம். ஊசி மட்டும் கொண்டு வாருங்கள். ஓட்டுத் தையல் நான் சொல்லித் தருகிறேன். அதற்குக் குலுக்கல் கிடையாது. தைத்தவர்களுக்கெல்லாம் விழும்.

பிழையிருந்தால் பொறுத்தருள்க. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதவும். இடம் விட்டு வைக்கிறோம்.



இப்படிக்கு,
போர்வைக் குழுவில் ஒருத்தி,
பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு