பொனோபோவின் பலகையும் ஒட்டகத்தின் முறையீடும்

மனிதக் குரங்கு ஒன்று பலகையிலுள்ள குறிகளைத் தொட்டு மனிதரிடம் பேசும் காணொளி வாட்ஸ்அப்பில் அவ்வப்போது வலம் வருகிறது. 'கியாமத்தின் அடையாளம்' என்ற குறிப்பைச் சேர்த்து அனுப்புவோரும் உளர். இறுதி நாளுக்கு முன் விலங்குகள் மனிதருடன் பேசும் என்று நபிமொழி உண்டு. ஆயினும் அதனை இந்தப் பலகையின் மீது பொருத்தும் துணிவு நமக்கில்லை. குரங்கு என்றதும் டார்வினை இழுத்து வருவோரும் சற்றுப் பொறுத்தருள்க. நாம் சொல்ல வந்தது வேறு.

மனிதக் குரங்கால் நம் சொற்களைத் தெளிவாக ஒலிக்க இயலாது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விக்கி என்னும் சிம்பன்சியைத் தம் பிள்ளைபோல் வளர்த்த அமெரிக்கத் தம்பதியர் எவ்வளவோ முயன்றும், அது தெளிவற்ற நான்கு சொற்களுக்கு மேல் கற்கவில்லை. அதனால்தான் 1970-களின் தொடக்கத்தில் அட்லாண்டா நகரில் டுவேன் ரம்பாவின் குழுவினர் கணினியை நாடினர். லானா என்னும் சிம்பன்சிக்கு ஒரு விசைப்பலகை அமைத்தனர். ஒவ்வொரு விசையிலும் ஒரு குறி. ஒவ்வொரு குறியும் ஒரு சொல். 'தயவுசெய்து' என்பதில் தொடங்கி முற்றுப்புள்ளியில் முடித்தால்தான் கணினி உணவு தரும், இசை ஒலிக்கும், சாளரம் திறக்கும். நம் பிள்ளைகளிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க நாம் படும் பாட்டை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வந்தவன் கான்ஸி என்னும் பொனோபோ. அவனுக்கு எவரும் பாடம் நடத்தவில்லை. வளர்ப்புத் தாய் மட்டாட்டாவுக்குத்தான் ஆய்வாளர் சூ சாவேஜ் ரம்பா குறிகளைக் கற்பித்து வந்தார். தாயோ பெரிதாக ஒன்றும் கற்கவில்லை. இரண்டரை வயதளவில் தாயைப் பிரிந்தபோது, அருகே விளையாடிக் கொண்டிருந்த குட்டி தானாகவே குறிகளைத் தொட்டுக் கேட்கத் தொடங்கியது. 1993-இல் வெளியான ஆய்வில், ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட 660 வேண்டுகோள்களில் ஏறத்தாழ 72 விழுக்காட்டை அவன் சரியாக நிறைவேற்றினான். உடன் சோதிக்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமிக்குக் கிடைத்தது 66 விழுக்காடு.

இது மொழியே அன்று, வெறும் கேட்பு என்று கூறும் அறிஞர்கள் உண்டு. நிம் என்னும் சிம்பன்சிக்குச் சைகை மொழி கற்பித்த ஹெர்பர்ட் டெரஸ் 1979-இல் அவ்வாறே முடிவு செய்தார். இருக்கட்டும். வெறும் கேட்பு என்றால் அதற்கு மதிப்பில்லையா?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தினுள் சென்றபோது அங்கிருந்த ஒட்டகம் முனகிக் கண்ணீர் வடித்ததும், அவர்கள் அதன் காதருகே தடவி அமைதிப்படுத்தியதும், பின்னர் உரிமையாளரை அழைத்து, பட்டினி போட்டு வேலை வாங்குவதாக அது முறையிட்டதைச் சொல்லிக் கண்டித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. அந்த ஒட்டகத்திடம் இலக்கணம் இருந்ததா என்று எவரும் ஆராயவில்லை. முறையீடு செவியேறிய கணமே அது உரிமையாளர் மீது கடமையாயிற்று.

நிம்முக்கு நேர்ந்தது என்ன? 1973-இல் தொடங்கிய ஆய்வு நான்கே ஆண்டுகளில் முடிந்தது. மனித வீட்டில் ஆடை உடுத்தி வளர்ந்தவன் ஒக்லஹோமாவில் கூண்டுக்குத் திரும்பினான். பின்னர் நியூயார்க் மாநிலத்து மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு விற்கப்பட்டான். மக்கள் கண்டனம் எழுந்த பிறகே விடுவிக்கப்பட்டு, டெக்சாஸில் உள்ள விலங்குக் காப்பகம் ஒன்றில் 2000-இல் இறந்தான். கேட்கக் கற்பித்துவிட்டுக் கேளாமல் போவது, கற்பிக்காமலே விடுவதினும் கொடிது என்பது நம் கருத்து.

ஆகவே இத்தகைய ஆய்வு கூடாது என்று நாம் சொல்லவில்லை. சுலைமான் (அலை) அவர்களுக்கு எறும்பின் பேச்சை விளங்க வைத்த இறைவனின் படைப்பை ஆராய்வதில் குற்றமென்ன? நாம் கேட்பது ஒன்றே. கான்ஸி வாழ்ந்தது 44 ஆண்டுகள். 2025 மார்ச்சில்தான் அயோவாவில் இறந்தான். நிதி ஒதுக்குவோரோ சில ஆண்டுகளுக்கே கணக்கிடுகின்றனர். முதல் குறியைக் கற்பிக்கும் முன்பே, அந்த உயிரின் இறுதி நாள்வரைக்குமான உணவும் இடமும், பலகையைப் பார்த்துப் பதிலளிக்க ஓர் ஆளும் எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். அதற்கு இயலாதவர் விசைப்பலகையை வாங்காதிருக்கட்டும்.